ஃப்ரெஸ்னோவுக்கு ஒரு ராத்திரி டிக்கெட்!

நம்ம ஊர்ப் பேய்களுக்கு எப்பவுமே ஒரு அட்ரஸ் உண்டு. ஊர் எல்லையில் புளியமரம், பாழுங்கிணறு, பூட்டிக்கிடக்கிற ஜமீன் பங்களா, ஆற்றோரச் சுடுகாடு... கதை சொல்ற பாட்டிகூட முதல்ல இடத்தைத்தான் சொல்வாங்க. 'உச்சி வெயில்ல அந்த ஒத்தப் பனைப் பக்கம் போகாதே சாமி'ம்பாங்க. அதுல ஒரு சௌகரியம் பாருங்க... போகாம இருந்துட்டா தப்பிச்சுக்கலாம்! ரெண்டு ஃபர்லாங் சுத்தினாலும் பரவாயில்லைனு வேற ரூட்ல வீடு போய்ச் சேர்ந்துடலாம்.

சரி, அட்ரஸே இல்லாத பேய்க்கு என்ன பண்றது? அது குடியிருக்கிற இடம் உங்க மடியில சூடா உட்கார்ந்திருக்கிற லேப்டாப்னா, எந்த ரூட்ல சுத்திப் போவீங்க?

அந்த இடத்துக்குத்தான் இப்போ கிளம்புறோம். பாஸ்போர்ட், விசா எதுவும் வேண்டாம். மொத்தப் பயண நேரம் 83 நிமிஷம். படத்தோட பேரு 'அன்ஃப்ரெண்டட்'. 2014 ஜூலையில் கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் நடந்த ஃபேன்டாசியா படவிழாவில் 'சைபர்நேச்சுரல்'ங்கிற பேரோட தலைகாட்டிட்டு, 2015 ஏப்ரலில் புதுப் பேரோட அமெரிக்க தியேட்டர்களுக்கு வந்த பேய்ப்படம். ஆரம்பத்திலிருந்து கடைசி சில விநாடிகள் வரைக்கும் நாம பார்க்கிறது ஒரே ஒரு கம்ப்யூட்டர் திரையை மட்டும்தான். வேற ஆங்கிள் கிடையாது, வேற லொகேஷன் கிடையாது. பட கம்பெனியின் பூமி உருண்டை லோகோவே நெட் ஸ்லோவான வீடியோ மாதிரி கட்டம் கட்டமா உடைஞ்சுதான் வரும். அப்பவே, 'ஆஹா, நாம உள்ளே வந்துட்டோம்'னு புரிஞ்சுடும்.

கதை நடக்கிற ஊர் ஃப்ரெஸ்னோ. கலிஃபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலஸுக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் நடுவில், சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் இருக்கிற நகரம். கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி வெயில் பின்னியெடுக்கும்... வேலூர்க்காரங்களுக்கு சொந்த ஊர் ஃபீலிங் கியாரன்ட்டி. குளிர்காலத்தில் எதிரே வர்ற வண்டி தெரியாத அளவுக்கு 'டூலி' மூடுபனி இறங்கும். சுத்திலும் திராட்சைத் தோட்டங்கள். அமெரிக்காவில் விளையுற உலர்திராட்சையில் பெரும்பங்கு இந்த வட்டாரத்து வெயில்ல காய்ஞ்சதுதான். யோசெமிட்டி மலைக்காட்டுக்கு டூர் போறவங்க பல பேர் இங்கே தங்கிட்டுத்தான் மேலே ஏறுவாங்க.

இதுல ஏதாவது ஒண்ணையாவது படத்துல காட்டுறாங்களா? ம்ஹூம்! ஒரு தெரு இல்லை, ஒரு மரம் இல்லை, ஒரு உலர்திராட்சைகூட இல்லை. ஊரோட பேரு மட்டும்தான் ஃப்ரெஸ்னோ. நிஜமான ஊர், பிளேர்ங்கிற ஸ்கூல் பொண்ணோட மேக் லேப்டாப் திரை.

ஆனா, கொஞ்ச நேரம் உள்ளே நடந்து பாருங்க... அதுவும் ஒரு ஊர்தான்னு தெரியும். வலது மேல் மூலையில் ஓடுற கடிகாரம், ஊர் மணிக்கூண்டு. கீழே வரிசையா நிக்கிற ஐகான்கள், கடைத்தெரு. ஸ்கைப் விண்டோ, தோஸ்துங்க கூடுற டீக்கடை பெஞ்ச். பிளேர், அவளோட ஆளு மிட்ச், இன்னும் நாலு பேர்னு ஆளுக்கொரு கட்டத்துல உட்கார்ந்து சலம்பிட்டு இருப்பாங்க. ஃபேஸ்புக் மெசேஜ் பெட்டி, பெஞ்சுக்குப் பின்னாடி இருக்கிற இருட்டுச் சந்து. அங்கே ரெண்டு ரெண்டு பேரா ஒதுங்கி, பெஞ்சுல பேச முடியாததை எல்லாம் குசுகுசுனு பேசுவாங்க. ஒரே நேரத்துல பெஞ்சுல சிரிச்சுக்கிட்டே சந்துல சந்தேகப்படுறது... அட, இது நாம தினமும் பண்ற வேலையாச்சே!

அந்த பெஞ்சுல கூப்பிடாமலே ஒரு ஆள் வந்து உட்காருது. போட்டோ இல்லாத நீல நிற உருவம், 'பில்லி227'னு ஒரு பேரு. யார்றா இதுனு கட் பண்ணிட்டு மறுபடி கால் போட்டாலும் அது அங்கேயேதான் இருக்கு. அப்புறம் ஃபேஸ்புக்ல மெசேஜ் வர ஆரம்பிக்குது. அனுப்புறது லாரா பார்ன்ஸ். இவங்களோட பழைய தோழி. சரியா ஒரு வருஷத்துக்கு முன்னாடி, இதே தேதியில் செத்துப்போனவ.

இந்த ஊரைக் கட்டின கொத்தனார்களைப் பத்தியும் சொல்லிடணும். தயாரிப்பாளர்களில் ஒருத்தர் கஜகஸ்தானில் பிறந்த திமூர் பெக்மம்பெதோவ். 'நைட் வாட்ச்', 'வான்டட்' எல்லாம் எடுத்தவர். முழுக்க கம்ப்யூட்டர் திரையிலேயே கதை சொல்ற இந்த வகைக்கு 'ஸ்க்ரீன்லைஃப்'னு பேர் சூட்டி, விடாப்பிடியா வளர்த்தவர். டைரக்டர் லெவான் கப்ரியாட்ஸே, ஜார்ஜியா நாட்டுக்காரர். அவரோட அப்பா ரெஸோ கப்ரியாட்ஸே, திபிலிஸி நகரத்தில் பொம்மலாட்டத் தியேட்டர் நடத்தி உலகம் முழுக்கப் பேர் வாங்கினவர். இந்தத் தகவல் தெரிஞ்சதும் எனக்குப் படமே வேற மாதிரி தெரிஞ்சது. பொம்மலாட்டத்துல கயிறு இழுக்கிற கை நமக்குத் தெரியாது, பொம்மையோட அசைவுதான் தெரியும். இந்தப் படத்துல பிளேரோட கை தெரியாது, மவுஸ் அம்புக்குறியோட அசைவுதான் தெரியும். அந்தக் குட்டி அம்புக்குறி தயங்குது, பதறுது, பொய் சொல்லுது, அழுதுகூட காட்டுது பாஸ்!

ஷூட்டிங் நடந்தது ஃப்ரெஸ்னோவிலேயே இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் ஒரே ஒரு வீடு. ஆளுக்கு ஒரு ரூம், ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர். நிஜமாவே ஒருத்தரை ஒருத்தர் திரையில பார்த்துப் பேசிக்கிட்டே, நாடகம் மாதிரி கிட்டத்தட்ட முழுப் படத்தையும் ஒரே மூச்சுல நடிச்ச டேக்குகள் உண்டு. செலவு சுமார் 10 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்குக்கு அது டீ, பன் காசு. வசூலோ 6 கோடி டாலருக்கு மேலே!

சரி, பயப்படுற மேட்டருக்கு வருவோம். கொலைகள் எல்லாம் எனக்கு அவ்வளவா எடுபடலை. மிக்ஸி மாதிரி ஒரு வஸ்துவை வெச்சு ஒரு கொலை வருது பாருங்க, பயத்துக்குப் பதிலா சிரிப்புதான் வந்துச்சு. வயித்தைக் கலக்கினது வேற ஒரு சமாச்சாரம். லாரா பேருல வந்த மெசேஜுக்கு பிளேர் பதில் டைப் பண்றா. நீளமா, உண்மையா ஏதோ டைப் பண்றா. நிறுத்துறா. மொத்தத்தையும் அழிக்கிறா. வேற ஒண்ணு டைப் பண்றா... அதையும் அழிக்கிறா. கடைசியில சின்னதா, ஒண்ணுமே சொல்லாத ஒரு வரியை அனுப்புறா. ஒரு மனுஷி மனசுக்குள்ள நினைச்சது என்ன, வெளியே சொன்னது என்னனு ரெண்டையும் இவ்வளவு பச்சையா வேற எந்தப் படத்துலயும் நான் பார்த்தது இல்லை. நாவல்ல பக்கம் பக்கமா எழுத வேண்டியதை ஒரு பேக்ஸ்பேஸ் கீ முடிச்சுடுது.

அவ அழிச்சதுல என்ன இருந்துச்சு? லாராவோட கதை இருந்துச்சு.

ஒரு பார்ட்டியில் குடிச்சு, நிதானம் இழந்து, அலங்கோலமாக் கிடந்த லாராவை யாரோ செல்போன்ல வீடியோ எடுக்குறாங்க. அது நெட்டுக்குப் போகுது. ஸ்கூல் முழுக்கப் பார்க்குது, சிரிக்குது, கமென்ட் போடுது. அவளால அதைத் தாங்க முடியலை. பேய் ரூபத்துல திரும்பி வந்து அவ கேக்குறது ஒரே ஒரு கேள்விதான். அந்த வீடியோவைப் போட்டது யாரு? ஆறு பேருமே 'நான் இல்லை, நான் இல்லை'ங்கிறாங்க. ஆறு பேருமே பார்த்தா நல்ல பிள்ளைங்கதான். 'நான் இதைச் செஞ்சதே இல்லை'ங்கிற விரல் மடக்கி விளையாட்டை லாரா ஆட வைக்க, ஒவ்வொருத்தர் வண்டவாளமும் தண்டவாளம் ஏறுது. யாரு போட்டதுனு நான் சொல்லப்போறதில்லை. நீங்களே போய்ப் பார்த்துக்கோங்க.

சும்மா சினிமாதானேனு இதைத் தள்ளிவிட முடியலை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அமாண்டா டாட்னு ஒரு பொண்ணு இருந்தா. வயசு 15. வெப்கேம்ல அவளை ஏமாத்தி எடுத்த ஒரு படத்தை வெச்சு ஒருத்தன் மிரட்டினான். ஃபேஸ்புக்ல அவ ஃப்ரெண்ட்ஸுக்கே அதைப் பரப்பினான். குடும்பம் வீடு மாத்திப் பார்த்தது, அவ ஸ்கூல் மாத்திப் பார்த்தா... படம் பின்னாடியே வந்துச்சு. 2012 செப்டம்பரில், ஒரு வார்த்தைகூடப் பேசாம, நடந்ததை எல்லாம் அட்டை அட்டையா எழுதிக் காட்டி யூடியூபில் ஒரு வீடியோ போட்டா. அடுத்த மாசமே அவ இல்லை. மிரட்டின நெதர்லாந்து ஆசாமிக்கு கனடா கோர்ட் 13 வருஷம் ஜெயில்னு தீர்ப்பு சொன்னது 2022-ல். நடுவுல பத்து வருஷம்!

வேற ரூட்ல சுத்திப் போறது, ஊரை மாத்துறது... பாட்டி சொன்ன டெக்னிக்கை எல்லாம் அந்தக் குடும்பமும் பண்ணிப் பார்த்துச்சுதானே? புளியமரமா இருந்தா அது போதும். இது மரம் இல்லையே.

'அன்ஃப்ரெண்டட்'டை நான் பார்த்தது மேடவாக்கத்துல ஒரு மொட்டைமாடி ரூம்ல. தலைகீழாக் கவுத்த பக்கெட் மேல லேப்டாப், அதைச் சுத்தி நாலு தலை, ஒரே ஒரு ஸ்பீக்கர், ஜன்னலுக்கு வெளியே தண்ணி லாரி சத்தம். படத்துல ஒரு கட்டத்துல, அந்த மேக் கம்ப்யூட்டர்ல வர்ற கலர் கலரான வட்டம் சுத்திக்கிட்டே நிக்கும். திரை அப்படியே உறைஞ்சுடும். எங்க ரூம்ல உடனே ரெண்டு கை ஒரே நேரத்துல டச்பேடை நோக்கிப் போச்சு! 'ஹேங் ஆயிடுச்சுடா'ங்கிறான் ஒருத்தன். தியேட்டர்ல உட்கார்ந்து யாராவது ப்ரொஜக்டரை ரிப்பேர் பண்ண எழுந்து போவாங்களா? இங்கே போவாங்க. படத்துல ஓடுற திரையும் நாம பார்க்கிற திரையும் ஒரே சைஸ், ஒரே பொருள். எங்கே அவ லேப்டாப் முடியுது, எங்கே உங்க லேப்டாப் ஆரம்பிக்குதுனு கண்ணுக்கு பார்டர் தெரியாது. 70 அடி திரையில இதே அம்புக்குறி யானை சைஸுக்கு நகர்ந்தா, சிரிப்புதான் வரும்னு நினைக்கிறேன். இந்தப் பேய்க்கு சொந்த ஊர் 15 இன்ச் திரைதான்.

படம் முடிஞ்சதும் வழக்கமா ஆளாளுக்குக் கலாய்ப்போம். அன்னிக்கு அப்படி ஒண்ணும் நடக்கலை. ஒருத்தன் தண்ணி குடிக்கப் போனான். இன்னொருத்தன் சுவத்தோரமாத் திரும்பி உட்கார்ந்து, செல்லை எடுத்து மேலே மேலே தள்ளிக்கிட்டே போனான். கல்ச்சுரல்ஸ் முடிஞ்ச ராத்திரி, எங்க க்ளாஸ் பொண்ணு ஒருத்தி ஸ்டேஜ்ல தடுமாறி விழுந்ததை எடுத்து, கண்றாவியான மியூசிக் போட்டு குரூப்ல விட்டிருந்தாங்க. பல பேர் விழுந்து விழுந்து சிரிச்ச கிளிப். அதைத் தேடிப் புடிச்சு டெலிட் பண்ணினான். அவன் போன்ல இருந்து போயிடுச்சு. குரூப்ல மிச்சம் 61 பேர். அவனும் எண்ணிக்கையைப் பார்த்தான், நானும் பார்த்தேன். அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் எந்த ஸ்டேஜும் ஏறலை.

ஃப்ரெஸ்னோவிலிருந்து அப்படியே பிரிட்டனுக்கு ஒரு எட்டு போயிட்டு வரலாம். 2020, உலகமே கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருந்த வருஷம். ராப் சாவேஜ்ங்கிற இளம் டைரக்டர் தன் ஃப்ரெண்ட்ஸோட வீடியோ காலில் பேசும்போது, 'பரண்ல ஏதோ சத்தம் கேக்குது'னு பில்டப் கொடுத்து, அலற வெச்சு ஒரு குறும்பு பண்ணினார். அந்த கிளிப் உலகம் முழுக்கச் சுத்த, அதிலிருந்து முளைச்ச படம்தான் 'ஹோஸ்ட்'. ஐடியாவிலிருந்து ரிலீஸுக்கு 12 வாரம்தான். ஜூலை கடைசியில வந்துடுச்சு. லாக்டவுன்ல போரடிச்ச ஆறு நண்பர்கள் ஜூம்ல கூடி, ஆவி பேச வைக்கிற ஒரு அம்மாவையும் கூப்பிட்டு ஆவியை அழைக்கிறாங்க. அழைச்சா வராம இருக்குமா?

டைரக்டர் எந்த நடிகர் வீட்டு வாசப்படியையும் மிதிக்கலை. எல்லாம் ரிமோட். நடிகர்களே கேமரா வெச்சு, லைட் போட்டு, கதவு தானா அசையுற டகால்டி வேலைகளையும் செஞ்சாங்க. கேரக்டர்களுக்கு அவங்க நிஜப் பேரேதான். 'அன்ஃப்ரெண்டட்'ல நான் பார்க்க முடியாத ஊர், இதுல கொஞ்சம் பார்க்கக் கிடைக்குது. ஒரு பொண்ணோட சமையலறை, இன்னொருத்தி ரூமுக்குப் பின்னாடி நீளுற இருட்டு நடை, தரையில தூவின மாவுல தானா விழுற காலடித் தடம்... லாக்டவுன்ல எல்லாரும் எல்லார் வீட்டுக்குள்ளேயும் இப்படித்தானே எட்டிப் பார்த்தோம்? ஆன்லைன் க்ளாஸ்ல சார் பேசுறதைக் கவனிக்காம, அவர் பின்னாடி பீரோ மேல இருந்த குத்துவிளக்கையும் மடிச்சு வெச்ச ஜமுக்காளத்தையும் கவனிச்சவங்க கை தூக்குங்க!

ஜூம்ல பின்னணி மாத்துற வசதி இருக்கு இல்லையா... கரோலின்ங்கிற பொண்ணு ஜாலிக்காக, தானே ரூமுக்குள் நடந்து வர்ற மாதிரி ஒரு வீடியோவைப் பின்னணியா வெச்சிருப்பா. முதல் தடவை பார்க்கும்போது காமெடி. அவளுக்கு ஏதோ ஆனபிறகும் அந்தப் பின்னணி மட்டும் சுத்திச் சுத்தி ஓடிக்கிட்டே இருக்கும். சிரிச்ச முகத்தோட வருவா, போவா, வருவா... ஆள் எங்கேனே தெரியாது. படத்துலயே டெரரான இடம் எனக்கு இதுதான். காசு கட்டாத ஜூம் காலுக்கு 40 நிமிஷம்தான் கணக்குங்கிறதையும் கடைசியில வில்லனாக்கி இருக்காங்க. மணிக்கூண்டு இந்த ஊர்லயும் வேலை செய்யுது. படமே ஒரு மணி நேரத்துக்குக் குறைவு. அந்த ஒரு விஷயத்துக்காகவே நம்ம டைரக்டர்களுக்குப் போட்டுக் காட்டலாம்.

பக்கத்து ஸ்டேட்காரங்களும் அதே வருஷம் இந்தப் பாதையில் நடந்தாங்க. மகேஷ் நாராயணன் இயக்கி, ஃபஹத் ஃபாசில், ரோஷன் மேத்யூ, தர்ஷனா ராஜேந்திரன் நடிச்ச 'சி யூ சூன்'. லாக்டவுன்ல கொச்சியில் எடுத்து, 2020 செப்டம்பர் 1-ம் தேதி ஓடிடி-யில் வந்தது. பேய் கிடையாது. ஆனா, வளைகுடா நாட்டு அபார்ட்மென்ட் ஒண்ணுல மாட்டிக்கிட்ட ஒரு பொண்ணை, ஒரு ஸ்க்ரீன் வழியாத் தேடுற பதைபதைப்பு, பேயைவிட நமக்குக் கிட்டத்துல இருக்கிற விஷயம்.

திரும்ப ஃப்ரெஸ்னோவுக்கு வந்தா, ஊரே மாறிக் கிடக்கு. லாராவோட மரண வீடியோவை பிளேர் பார்க்கிற லைவ்லீக் சைட், 2021 மே மாசம் இழுத்து மூடப்பட்டது. ஆறு பேர் கூடுற டீக்கடை பெஞ்சான ஸ்கைப், 2003-ல் பிறந்து, மைக்ரோசாஃப்ட் கைக்குப் போய், 2025 மே 5-ம் தேதி கடையைச் சாத்திருச்சு. அந்த 'டுப்... டுப்...'னு குமிழி வெடிக்கிற மாதிரி வர்ற ரிங் சத்தத்தை இனிமே கேக்கணும்னா, இந்த மாதிரிப் படங்களுக்குள்ளதான் போகணும். தனுஷ்கோடியில கூரை இல்லாத சர்ச் நிக்குமே... அந்த மாதிரி ஆயிடுச்சு இந்த டெஸ்க்டாப். குடியிருந்தவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. லாராவோட வீடியோ மாதிரி சமாச்சாரங்கள் மட்டும் மூட்டையைத் தூக்கிக்கிட்டு அடுத்த ஆப்புக்கு, அதுக்கடுத்த ஆப்புக்குனு குடிபோய்க்கிட்டே இருக்கு.

போக விரும்புறவங்களுக்கு சில டிப்ஸ். சீஸன்: வருஷம் பூரா, ராத்திரி பத்தரைக்கு மேல. வாகனம்: லேப்டாப் மட்டும். டி.வி-யில் போட்டா ஊருக்கு வெளியே பஸ் ஸ்டாப்புல இறங்கின மாதிரிதான், உள்ளே போக முடியாது. செல்போன்ல பார்த்தா திரையில வர்ற சின்னச் சின்ன எழுத்து எதுவும் தெரியாது, எழுத்துதான் இங்கே பாதி வசனம். இங்கிலீஷ் வேகமாப் படிக்க வராதவங்க, வேகமாப் படிக்கிற ஒரு ஃப்ரெண்டை கைடா கூட்டிட்டுப் போங்க. கட்டாயம் ஹெட்போன். அறையில லைட்டை அணைச்சுக்கலாம். ஆனா உங்க நெட்டை மட்டும் அணைச்சுடாதீங்க. படம் ஓடும்போது மூலையில 'டிங்'னு ஒரு மெசேஜ் வந்து விழணும். அது படத்துக்குள்ள வந்ததா, உங்களுக்கு வந்ததானு ஒரு விநாடி தெரியாம முழிப்பீங்க பாருங்க... டிக்கெட் காசு அந்த ஒரு விநாடிக்குத்தான்!